சீசர் செய்து மூன்றாம் நாள், பால் இன்னும் இறங்கவில்லையா?

தங்கச்சி, திகதி குறித்து சீசர் செய்து இன்று மூன்றாம் நாள், பால் இறங்கவில்லை, மாமியார் பால்மா டின் வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வலி வராமலே சீசர் செய்தால் பால் பெருகுவது ஒருநாள் இரண்டுநாள் பிந்துவது உண்டு, எனக்கு ஐந்தாம் நாள்தான் மார்பு கனத்தது. அதுவரை சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே பெரும்பாலும் போதும், பிள்ளையின் வயிறு அவ்வளவு சின்னது.

தையல் வலியில் மடியில் வைக்க முடியாது, சரி. பிள்ளையின் கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி கக்கத்துக்குள் இடுக்கி, கீழே தலையணை வைத்துப் பிடியுங்கள். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். காம்பு மட்டும் இல்லை, கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும். நுவரெலியாக் குளிருக்குப் பயந்து நாலு சுற்று சுற்றி வைத்தால் பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும் (எங்கள் லயத்திலும் இதே கதைதான்), துணியை விலக்கி உங்கள் நெஞ்சோடு ஒட்டிப் போட்டு முதுகுக்கு மேல் போர்வை போடுங்கள், 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள். டொக்டர் தந்த பரசிட்டமோலை விடாதீர்கள், பாலுக்குக் கெடுதல் இல்லை. கொத்தமல்லித் தண்ணியை நீங்கள் குடியுங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

ஐந்தாம் நாளிலிருந்து பிள்ளை தினமும் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். போகாவிட்டால், எழுப்பியும் குடிக்காவிட்டால், உடம்பு மஞ்சளாகத் தெரிந்தால், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், மிட்வைஃப் மிஸ் வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறை பார்த்து டொக்டரே பால்மா கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதை மாமியாரிடம் தோற்றதாக நினைக்காதீர்கள்.