டிரசர் பதில்கள்

சுங்கை சிப்புட்டில் இந்த மாதம் மழையோடு கடிதங்களும் கொட்டின. அவற்றில் பாதிக்கும் மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: நோயாளி இறந்ததற்காக மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தொலைக்காட்சித் தொடர்கள். 32 ஆண்டுகள் தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் என்று என்னிடம் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவை செய்த மருத்துவர் ஒருவரைப் பற்றிய தொடரைப் பேரப்பிள்ளைகள் போட்டுக் காட்டினார்கள். அது உண்மையில் நடந்ததா? இரண்டு பேர் இறந்திருக்கும்போது கொலை வழக்கு ஏன் போடவில்லை?
– வாசகர், லிந்தாங்

பதில்: நடந்ததுதான் ஐயா. அவர் பெயர் கிறிஸ்டோபர் டன்ச். டெக்சஸ் மாநிலத்தில் டல்லஸ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மருத்துவமனைகளில், சுமார் இரண்டே ஆண்டுகளில் 38 பேருக்கு அறுவை செய்தார். 33 பேருக்குத் தீங்கு நேர்ந்தது. அவர்களில் இருவர் இறந்தார்கள். 2013 ஜூனில் அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தார்கள், 2015இல் கைது செய்தார்கள், 2017 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்தத் தண்டனை இறந்த இருவரின் பெயரால் வந்ததன்று. 74 வயது மூதாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்ததற்காக வந்தது. முதியவருக்குக் காயம் விளைவித்தல் என்ற குற்றத்துக்கு அந்த மாநிலத்தில் ஆயுள் வரை தண்டனை உண்டு. அதனால் அரசுத் தரப்பு அந்த வழக்கையே முன்னால் கொண்டுபோனது.

அந்தக் கதையில் என் மனத்தில் நின்றவர் வேறொருவர். அதே மூதாட்டிக்கு மறுபடி அறுவை செய்த மூத்த மருத்துவர் அவர். திறந்து பார்த்தால், எலும்பில் இருக்க வேண்டிய திருகாணிகள் சதையில் கிடந்தன. நரம்பின் வேர் ஒன்று துண்டாகிப் போயிருந்தது. இதைச் செய்தவர் உண்மையிலேயே மருத்துவர்தானா, வேறு யாரோ அந்தப் பெயரில் வந்திருக்கிறாரா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டன்ச் படித்த பல்கலைக்கழகத்துக்கே படத்தை அனுப்பிக் கேட்டார். பிறகு அவரும் இன்னொரு அறுவை மருத்துவரும் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். இதற்கிடையே டன்ச் ஒரு மருத்துவமனையிலிருந்து ஓசையில்லாமல் விலகி அடுத்ததில் சேர்ந்துகொண்டிருந்தார். தன் தொழிலில் இருக்கும் இன்னொருவரைப் பற்றி வாய் திறப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த இருவரையும் நான் வணங்குகிறேன்.

கேள்வி: தொடரில் 12 பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படித்தானா?
– வாசகி, சாலாக்

பதில்: இல்லை அம்மா. நம் மலேசியாவில் ஜூரி முறை 1995 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அது இருந்த காலத்திலும் ஏழு பேர்தான் உட்கார்ந்தார்கள். இப்போது சாட்சிகளைக் கேட்பதும் முடிவு செய்வதும் நீதிபதியின் பொறுப்பு.

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. டிங்கி காய்ச்சல். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரவு வயிற்றுவலி, ஓயாத வாந்தி. திரும்பக் கொண்டுபோனோம். விடிவதற்குள் போய்விட்டான். அம்மா இன்னும் அவன் சட்டையைத் துவைக்க விடவில்லை. தொடரில் வருவதுபோல அந்த மருத்துவரைக் கூண்டில் ஏற்ற முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகளே, உங்கள் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அன்று முழுவதும் வேறு கடிதம் பிரிக்கவில்லை.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மருத்துவருக்கும் அது பொருந்தும். ஆனால் வழக்குத் தொடுப்பது அரசுத் தரப்பின் முடிவு, குடும்பத்தின் முடிவன்று. நோயாளி இறந்துவிட்டார் என்பது மட்டும் அதற்குப் போதாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். அந்தக் கதவு திறப்பது அரிது. அதற்காகவே காத்திருந்தால் மற்றக் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

மற்றக் கதவுகள் என்னவென்றால், மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். மருத்துவரின் நடத்தையை விசாரித்து உரிமத்தில் கைவைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அரசு வழக்கறிஞர் உத்தரவிட்டால் மரண விசாரணை நடக்கும். எப்போது, எங்கே, எப்படி இறந்தார், யாராவது குற்றப் பொறுப்புக்கு உரியவரா என்பதை அங்கே பார்ப்பார்கள். இழப்பீட்டு வழக்கும் இருக்கிறது. ஒருவரின் இறப்பால் ஆதரவை இழந்த மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளின் பெயரால் அது நடக்கும். உங்கள் வீட்டில் அந்த உரிமை அம்மா அப்பாவுக்கு. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனை என்றாலும் கணக்கு 36 மாதம்தான். துக்கத்தில் நாள் போவது தெரியாது. அந்தத் தேதியை இன்றைக்கே நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

இனி டிங்கியைப் பற்றி. மருத்துவமனைக் குறிப்பில் எதைத் தேடுவது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள் அப்படியே போகும். நோயாளி தலை தூக்கி உட்கார்ந்து கஞ்சி கேட்பான். வீட்டார் சாமிக்குக் கற்பூரம் ஏற்றுவார்கள். உள்ளே இரத்தம் கெட்டியாகிக்கொண்டிருக்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடப்பது ஆகியவை எச்சரிக்கை மணிகள். ஆகவே உங்கள் தம்பியின் குறிப்பில் பாருங்கள். நான்காம் நாள் இரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு? இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துகொண்டும் இரத்தத்தின் கெட்டித்தன்மை ஏறிக்கொண்டும் இருந்தனவா? மறுநாளே திரும்ப வரச் சொன்னார்களா? ஒவ்வொரு நாளும் இரத்த அளவைக் குறிக்கும் கண்காணிப்பு அட்டையைக் கையில் கொடுத்தார்களா? எந்த அறிகுறி வந்தால் ஓடிவர வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? எண்கள் நன்றாக இருந்து, எல்லாம் சொல்லியும் நோய் முந்திக்கொண்டது என்றால் அது ஒரு கதை. எண்கள் கத்திக்கொண்டிருந்தும் ஒருவர் அனுப்பிவிட்டார் என்றால் அது வேறு கதை. எது நடந்தது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1986இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். இரவு 2.10க்கு தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை. 2.25க்கு நான் அங்கே இருந்தேன். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பாய் முழுவதும் கறுப்பாகத் தெரிந்தது. கர்ப்பப்பையை இறுக்கும் எர்கோமெட்ரின் ஊசி போட்டேன். அடிவயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கர்ப்பப்பை இறுகினால் பந்துபோல் கையில் தட்டுப்படும். அன்று தளர்ந்த மாவாகவே கிடந்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். தோட்டத்து லாரியின் சாவி மேலாளர் பங்களாவில். சாவி கைக்கு வந்து லாரி கிளம்பியபோது 3.40. மருத்துவமனை வாசலில் அந்தப் பெண்ணின் நாடி என் விரலுக்கு அகப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். 3.40 என்பதை 2.50 என்று எழுத முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். முடியாது என்றேன். அதுவரை நான் செய்தது சரி. ஆனால் அந்தக் கணவர் மருந்தகத்துக்கு வந்து, “என்ன ஆயிற்று ஐயா?” என்று கேட்டபோது, “எல்லாம் விதி, தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். குறிப்பேடு எனக்கும் அவருக்கும் நடுவில் மேசைமேல்தான் கிடந்தது.

எட்டு ஆண்டு கழிந்தது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள், ஆட்கள் லயத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கணவர் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “அன்றைக்கு எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் ஐயா” என்றார். வாசித்தேன். 2.10. 2.25. 3.40. கடைசியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அந்தச் சிறுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “லாரி எங்கள் லயத்துக்குப் பக்கத்தில்தானே நின்றது” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே மகளே, இந்த வாரமே அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். அடையாள அட்டை, தம்பியின் இறப்புச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம் மூன்றும் வேண்டும். மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் முழு மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பம் கொடுங்கள். கட்டணம் கேட்பார்கள், ரசீது வாங்குங்கள். போவதற்குமுன் அந்த ஐந்து நாளும் நடந்ததை மணி வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மா சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் மருத்துவ வழக்குகளில் பழகிய வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதை வாசித்துப் புரியவைக்க ஆள் வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

கேள்வி: அறுவைக்கு முன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மருத்துவருக்குப் பொறுப்பே இல்லை என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர்?
– வாசகர், கோலகங்சார்

பதில்: அவர் சொல்வது தவறு. 1982இல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்ட பெண் ஒருவர் அறுவைக்குப் பிறகு கை கால் விளங்காமல் போனார். உள்ளே கட்டிய கம்பி தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2006இல் அவர் பக்கம் தீர்ந்தது. சிகிச்சையில் உள்ள ஆபத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை, அதில் குறை வைத்தாரா என்பதை நீதிமன்றமே அளந்து பார்க்கும் என்பது அந்தத் தீர்ப்பு. 24 ஆண்டு காத்திருந்தார் அந்த அம்மா. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். மலாயில் விளங்காவிட்டால் தமிழ் தெரிந்த தாதியை அழைக்கச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

கேள்வி: என் மகள் மருத்துவம் படிக்கிறாள். இந்தத் தொடர்களைப் பார்த்துவிட்டு, “ஒரு தவறு செய்தால் சிறையா அம்மா?” என்று அழுகிறாள். என்ன சொல்வது?
– தாய், ஈப்போ

பதில்: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 2011இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கிருமித் தொற்றால் இறந்தான். அன்று பணியிலிருந்த மருத்துவர் ஹடிசா பாவா-கார்பாவுக்கு 2015இல் இரண்டு ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. 2018 ஜனவரியில் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கினார்கள். அன்று ஆள் குறைவு, கணினி பழுதாகி இரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதம். இவற்றைச் சுட்டி அந்நாட்டு மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பெயரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தச் சிறுவனின் தாய்க்கு அந்தத் தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்பதையும் மகளிடம் பேசுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைக்கத் தெரிந்த பிள்ளை நல்ல மருத்துவராக வருவாள். சந்தேகம் வந்தால் நள்ளிரவானாலும் மூத்தவரை எழுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.

கேள்வி: வார்டில் குறிப்பைத் தவறாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துவது?
– பயிற்சித் தாதி

பதில்: ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். அடித்தது வாசிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை பூசாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, நேரம் போடுங்கள். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால், பிறகு எழுதியது என்று குறித்துவிட்டு எழுதுங்கள். நேரத்தை 24 மணிக் கணக்கில் போடுங்கள் அம்மா. 3.40 என்றால் பகலா இரவா என்று என்னிடமே ஒருமுறை கேட்டார்கள்.