வளைவில் மட்டும் வாய் பிளக்கும் விளிம்பு

கேள்வி: 19 மி.மீ. பிளைவுட்டில் டீப்பாய் செய்தேன். மூலைகளை 40 மி.மீ. ஆரத்தில் வளைத்து, விளிம்பை மூடும் 2 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை (பிவிசி எட்ஜ் பேண்ட்) ரப்பர் பசையால் ஒட்டினேன். மூன்றே வாரத்தில் வளைவுகள் மட்டும் பெயர்ந்துவிட்டன. பசையை மாற்ற வேண்டுமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: பசை இருக்கட்டும், பட்டையை மாற்றுங்கள். சூடாக்காமல் வளைத்த 2 மி.மீ. பட்டை நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். 0.8 மி.மீ. போதும், அகலம் 22 மி.மீ.

இன்னொரு காரணம் உங்கள் ஊர்க் காற்று. பசையிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிர்ந்துபோகும். ஈரக்காற்று அதன்மேல் பனித்து, மங்கலான வெள்ளைப் பூப்பு விழும். அதோடு அழுத்தினால் பிடித்தது மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே தள்ளிப்போடலாம். மற்ற நாளில் உச்சிவெயில் நேரத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்டுங்கள். அடுப்பு, பீடி பக்கத்தில் வேண்டாம்.

பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். திண்ணையில் கிடந்த பலகை என்றால் உப்புப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து ஒரு நாள் உலரவிடுங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் பட்டி வைத்து அடையுங்கள். உப்புத்தாளை வெறும் விரலால் தேய்க்காதீர்கள், விளிம்பு உருண்டுவிடும். தட்டையான கட்டையில் சுற்றி முதலில் 80 எண் தாள், பிறகு 120. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் கசியக் கூடாது.

விளிம்பு பசையைக் குடித்துவிடும். அதனால் பலகைக்கு இரண்டு பூச்சு, பட்டைக்கு ஒன்று. விரல் வைத்தால் ஒட்டாத பக்குவம் வர 10-15 நிமிடம் ஆகும், புழுக்கத்தில் கூடுதலாகவே. அதன் பிறகுதான் ஹேர் டிரையர். இணைப்பை நேர்ப்பகுதியின் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். வளைவுக்கு வந்ததும் பட்டையைச் சூடாக்கி, இளகியதும் வளைத்து, ஆறும்வரை கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். பலகையைத் தாண்டி நீட்டியிருக்கும் மிச்சப் பட்டையை மறுநாள் அரத்தால் எடுக்கலாம். பட்டையிலிருந்து பலகைப் பக்கமாக மட்டும் தள்ளுங்கள். திருப்பி இழுத்தால் பட்டையைக் கிளப்பிவிடும்.

கேள்வி: பட்டை ஒட்டாமல் அடுக்குகள் தெரியும்படி விடலாமா?
- வாசகர், பாம்பன்

பதில்: விடலாம், பலகை நல்லதாக இருந்தால். ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட, தண்ணீர் தாங்கும் மரைன் ரகம் வாங்குங்கள். கடையிலேயே விளிம்பில் பொந்து பாருங்கள். 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, கூர்முனையை 3 மி.மீ. உருட்டிவிடுங்கள். முதல் பூச்சு பியூவை (பாலியூரித்தேன் வார்னிஷ்) தின்னர் கலந்து நீர்க்க அடியுங்கள். பலகையின் முகத்துக்கு இரண்டு பூச்சு என்றால் விளிம்புக்கு நான்கு. சாயம் வேண்டாம்: ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கு கூடுதலாகக் குடித்து வரிக்குதிரை ஆகிவிடும். கால்களின் அடிப்பக்கத்தையும் பூசுங்கள். தரை கழுவும் தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

கேள்வி: வளைவில் 6 மி.மீ. தேக்கு ரீப்பரை ஆணியடித்து நிறுத்தலாமா?
- வாசகர், தொண்டி

பதில்: ஒடியும். 1 மி.மீ. கீற்றுகளாக அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, வளைவிலேயே கட்டி இரண்டு நாள் காயவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். நேர்ப்பகுதிக்கு ஆணி வேண்டுமென்றால் பித்தளை. இரும்பு உங்கள் கடற்கரையில் துருப்பிடித்து மரத்தில் கறை இறக்கும்.