பீர் குடித்தால் மட்டும் ஏன் இப்படி?

நண்பரே, இரண்டு கேன் பீர் குடித்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டியிருக்கிறது, அதே அளவு தண்ணீருக்கு அப்படி இல்லை, சிறுநீரகத்தில் கோளாறோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் வைத்து அப்படிப் பயப்பட வேண்டாம்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன்தான் ‘தண்ணீரை விட்டுவிடாதே, திருப்பி எடு’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. ஆல்கஹால் அந்த ஹார்மோனைக் குறைத்துவிடும். ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போது பாருங்கள், நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் நாக்கு வறண்டு கிடப்பதற்கும் இதில் பங்கு உண்டு.

அப்புறம் அளவு. 500 மில்லி கேன் இரண்டு என்றால் 1 லிட்டர். சிறுநீர்ப்பை கொள்வதோ சுமார் 400, 500 மில்லிதான். பாதி நிறைந்ததுமே முட்ட ஆரம்பித்துவிடும். முதல் தடவை அடக்கிவிட்டால் பிறகு வராது என்று நண்பர்கள் சொன்னதை நம்பாதீர்கள். வந்தால் போய்விடுங்கள்.

குடிக்காத நாளிலும் இப்படியே இருந்தாலோ, தாகம் அடங்காவிட்டாலோ, எரிச்சலோ ரத்தமோ தெரிந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.