அப்பாவின் ஸ்கேன் என் எதிர்காலத்தைச் சொல்லுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. நான்கு வருடங்களாகக் கைவிரல்கள் தானாக ஆடுகின்றன, சட்டென்று கோபம் வருகிறது. மரபணுப் பரிசோதனையில் ஹண்டிங்டன் நோய் (மூளை அணுக்கள் மெல்ல அழியும் ஒரு பரம்பரை நோய்) என்று உறுதியாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், ‘இரண்டு பக்கமும் காடேட் தலைப்பகுதி சுருங்கியுள்ளது, வென்ட்ரிக்கிள்களின் முன்கொம்புகள் விரிந்துள்ளன’ என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்? வருடா வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? எனக்கு 28 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கும் வருமா என்று தெரிந்துகொள்ள ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்வது அதுவாகத்தான் இருக்கும். நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக நீங்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சக்தி அந்தப் படத்துக்கு இல்லை.

ஏன் என்று புரிய, அப்பாவின் படத்தில் என்ன தெரிகிறது என்று முதலில் பார்ப்போம். மூளையின் நடுவே, இரண்டு பக்கமும், திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவைதான் வென்ட்ரிக்கிள்கள். ஒவ்வொரு அறையின் வெளிச்சுவரிலும் காடேட் என்ற நரம்பணுத் திரள் ஒரு சிறு மேடு போலப் புடைத்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் புடாமென். இரண்டையும் சேர்த்து ஸ்ட்ரையேட்டம் என்போம். எந்த அசைவை நடக்கவிடுவது, எதை அடக்கி வைப்பது என்று தரம் பிரிக்கும் இடம் அது. ஹண்டிங்டன் நோயில் இங்குள்ள அணுக்கள்தான் முதலில், மற்ற எந்த இடத்தையும்விட அதிகமாக, அழிகின்றன. அதிலும் வேண்டாத அசைவுகளை அடக்கும் வேலையைச் செய்பவை முந்திக்கொள்கின்றன. அப்பாவின் விரல்கள் அவர் சொல்லாமலே ஆடுவதற்குக் காரணம் இதுதான். காடேட்டுக்கு மூளையின் முன்பகுதியோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அதனால் கோபமும் இந்த நோயின் ஒரு பகுதிதான், அவருடைய குணம் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துவிடாதீர்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

அணுக்கள் குறையும்போது அந்த மேடு தட்டையாகிறது, பிறகு குழிந்தும் போகலாம். அது விட்டுக்கொடுத்த இடத்தைத் திரவம் நிரப்புகிறது. முன்கொம்புகள், அதாவது அந்த அறைகளின் முன்பகுதிகள், விரிந்துள்ளன என்று எழுதியிருப்பது இதைத்தான். இதைப் பார்த்துவிட்டு ‘மூளையில் நீர் கோத்துவிட்டது’ என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். திரவம் அழுத்தம் கொடுத்து அறையைப் பெரிதாக்கவில்லை. அதைச் சுற்றி இருந்தது சுருங்கியதால் அறை பெரிதாகத் தெரிகிறது.

சரி, இந்தச் சுருக்கம் எப்போது தொடங்குகிறது? கை ஆடத் தொடங்கும் நாளில் அல்ல. 2008-ல் தொடங்கிய ட்ராக்-ஹெச்.டி. ஆய்வில் லண்டன், பாரிஸ், லைடன், வான்கூவர் ஆகிய நான்கு நகரங்களில் 366 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மரபணு மாற்றம் இருந்தும் அறிகுறி வராதவர்கள், அறிகுறி தொடங்கிய நிலையில் இருப்பவர்கள், மாற்றமே இல்லாதவர்கள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். அசைவுக் கோளாறு வெளியே தெரிவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே ஸ்ட்ரையேட்டத்தின் கன அளவு குறையத் தொடங்குகிறது என்பதை இதுபோன்ற ஆய்வுகள் காட்டின.

இதைப் படித்ததும், ‘அப்படியானால் எனக்கும் இப்போதே தெரிந்துவிடுமே’ என்று தோன்றும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். அந்த ஆய்வுகள் ஒரு குழுவின் சராசரியை இன்னொரு குழுவின் சராசரியோடு ஒப்பிட்டன, அதுவும் கணினியில் நுணுக்கமாக அளந்து. தனி ஒருவரின் படத்தைக் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களிடையேகூட காடேட்டின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். தலையின் அளவைப் பொறுத்து மாறும், வயது ஏற ஏறக் குறையும். 28 வயதில் உங்கள் படம் நார்மல் என்று வந்தால் மரபணு மாற்றம் இல்லை என்று அர்த்தமாகாது. கொஞ்சம் சிறியது என்று வந்தாலும் மாற்றம் இருக்கிறது என்று அர்த்தமாகாது. முதலாவது பொய்யான நிம்மதியைத் தரும், இரண்டாவது வருடக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டையும் நீங்கள் விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பதே என் கவலை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் ரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையில்தான் இருக்கிறது. 1993-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹெச்.டி.டி. மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுவார்கள். 26 வரை இயல்பு. 40-ம் அதற்கு மேலும் என்றால், வழக்கமான ஆயுட்காலத்துக்குள் நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை இருப்பவர்களுக்குப் பொதுவாக நோய் வருவதில்லை, ஆனால் பிள்ளைகளிடம் எண்ணிக்கை கூடிப்போக வாய்ப்பு உண்டு. அப்பாவிடமிருந்து உங்களுக்கு அந்த மாற்றம் வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. மகன், மகள் என்ற வேறுபாடு இதில் இல்லை. தந்தை வழியாக வரும்போது எண்ணிக்கை கூடி, நோய் இன்னும் இளம் வயதில் தொடங்குவதும் உண்டு. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். ஒரே எண்ணிக்கை உள்ள இருவருக்குக்கூட நோய் தொடங்கும் வயது பல ஆண்டுகள் வேறுபடலாம். இந்த எண் உங்களுக்குத் தேதி குறித்துத் தராது.

பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு அதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் பேசுவது முறை. நோயை நிறுத்தவோ தள்ளிப்போடவோ நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. அதனால், ‘இந்த முடிவைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். குழந்தை பெறுவதைப் பற்றித் திட்டமிட, வேலையைத் தீர்மானிக்க, அல்லது தெரியாத தவிப்பைத் தாங்க முடியாமல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்ளாமலே வாழ்வதும் உங்கள் உரிமை. ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். அப்புறம், அறிகுறி இல்லாத 18 வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை. பெரியவர்களானதும் அவர்களே முடிவு செய்யட்டும்.

அப்படியானால் அப்பாவுக்கு மட்டும் எதற்காக ஸ்கேன் எடுத்தார்கள்? பெரும்பாலும் வேறு எதுவும் இல்லை என்று பார்க்கத்தான். பக்கவாதம், கட்டி, மூளையில் செம்பு தேங்கும் வில்சன் நோய் போன்றவையும் கை கால்களை ஆட வைக்கும். வில்சன் நோய்க்கு மருந்து இருப்பதால் அதைத் தவறவிடவே கூடாது. மேலும், காடேட் சுருங்குவது ஹண்டிங்டனுக்கு மட்டுமே உரியதல்ல. ரத்தச் சிவப்பணுக்கள் முள் முளைத்தது போல உருமாறும் ஓர் அரிய மரபு நோயிலும் இதே படம் வரும். நோயை உறுதி செய்தது ரத்தப் பரிசோதனைதான், படம் அதற்குத் துணை நின்றது.

வருடா வருடம் ஸ்கேன் தேவையில்லை. எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை வைத்து மருந்தின் அளவை யாரும் மாற்றுவதில்லை. அப்பா எப்படி நடக்கிறார், புரையேறாமல் சாப்பிடுகிறாரா, எடை குறைகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்பவைதான் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. அசைவு தொல்லையாக இருந்தால் டெட்ராபெனசின் போன்ற மருந்துகள் குறைக்கும். ஆனால் அவை மனச்சோர்வைக் கூட்டலாம் என்பதால் அவருடைய மனநிலையை நீங்களும் கவனித்துவர வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கேனை உடனே எடுத்தாக வேண்டிய ஒரு சமயம் உண்டு. அதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. இந்த நோயில் கீழே விழுவது சகஜம். மூளை சுருங்கியிருப்பதால் அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இடைவெளி கூடி, அங்கே ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியில்கூட அவை கிழிந்து ரத்தம் மெல்லக் கசியலாம். விழுந்து சில நாட்கள், ஏன் சில வாரங்கள் கழித்துக்கூட அப்பா வழக்கத்தைவிட மந்தமாகத் தெரிந்தால், தலைவலி என்றால், ஒரு பக்கம் பலவீனமானால், ‘நோய் முற்றிவிட்டது’ என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அன்றே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் அந்த ரத்தத்தை அகற்ற முடியும். போகும்போது இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தகட்டையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் முதன்முறையாக அவரைப் பார்க்கும் மருத்துவர், எது பழைய சுருக்கம், எது புதிய கசிவு என்று பிரித்தறிய அது உதவும்.