ஓ.பி. சீட்டில் ஒரு கையெழுத்து

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். போன மாதம் பி.பி. பார்க்க வந்தவர்களின் வரிசையில் என் மூன்றாம் வகுப்பு டீச்சர் நின்றிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஓ.பி. சீட்டில் பெயரும் வயதும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து லட்சணமா இருக்கும்மா" என்றார். இரட்டைக்கோடு நோட்டில் என் விரலைப் பிடித்து 'ழ' எழுதவைத்தவரே அவர்தான். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். என்னை நினைவில்லாதவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம். சொல்லாமல் விட்டது தப்பு என்று ஒரு மனம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டுப் பழங்கதை பேசியிருந்தால் அந்த டீச்சருக்கே பிடித்திருக்காது. ஆனால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள்.

அவருக்கு நினைவில்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது. வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள் என்று வைத்தாலும் 30 வருடப் பணியில் 1,200 முகங்கள். அத்தனையும் எட்டு வயது முகங்கள். உங்கள் எட்டு வயது முகத்தை இன்று நீங்களே எங்கே போய்த் தேடுவீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் 'வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி' என்று கட்டுரை எழுதச் சொன்னார் தமிழய்யா. வழியில் அழகான மரங்கள் இருந்தன என்று எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'என்ன மரம்?' என்று இருந்தது. மறுநாள் காலையில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு புளி, ஒரு பூவரசு, வாய்க்கால் கரையில் இலுப்பை. எழுத்தைப் பற்றி அதன்பின் எத்தனையோ படித்திருக்கிறேன். இன்றும் 'மரம்' என்று எழுதிவிட்டால் கை நின்றுவிடுகிறது.

ஆசிரியர் சொல் அழியாது என்பதில் கெடுதலும் உண்டு. வேறொருவர் என் அப்பாவின் தொழிலைச் சொல்லி வகுப்பு முன்னால் சிரித்தார். அதுவும் அப்படியே இருக்கிறது.

பல வருடம் கழித்துத் தமிழய்யாவைத் தேடிப் போனேன். என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், அவருக்கு நினைவு வரவில்லை. 'என்ன மரம்?' கதையைச் சொன்னதும், "நானா கேட்டேன்?" என்று சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "உங்க செட்டுல ஒரு பையன், இடதுகையால எழுதுவான். அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் செங்கல் சூளைக்குப் போயிட்டான். அவன் என்ன ஆனான்?" அவன் பெயர், உட்கார்ந்த இடம் எல்லாம் சொன்னார். அவன் வீட்டுக்கு இரண்டு தடவை போனாராம். "மூணாவது தடவையும் போயிருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து இப்படித்தான் நினைக்கிறேன்: நல்ல ஆசிரியரின் மனத்தில் தங்குவது கரையேறிய பிள்ளை அல்ல, கைநழுவிப்போன பிள்ளை. உங்கள் டீச்சருக்கு உங்களை நினைவில்லை என்றால், உங்களைப் பற்றி அவருக்குக் கவலைப்பட ஒன்றும் இருக்கவில்லை என்றுகூட இருக்கலாம்.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு ஞாபகத்துக்கு வருகிறார். அல்ஜீரியாவில் அல்ஜியர்ஸ் நகரின் ஏழைக் குடும்பம். குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன்னே 1914-இல் தந்தை போரில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். பையன் சீக்கிரம் வேலைக்குப் போகவேண்டும் என்பது பாட்டியின் எண்ணம். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ழெர்மென்தான் பாட்டியைச் சம்மதிக்கவைத்து, காசு வாங்காமல் தனியாகச் சொல்லிக்கொடுத்து, உதவித்தொகைத் தேர்வு எழுதவைத்தார். 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நவம்பரில் காம்யு அவருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்தபடி உங்களைத்தான் நினைத்தேன் என்று அதில் இருக்கிறது.

ழெர்மென் பின்னர் எழுதிய பதில் ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கும். உன் வீட்டின் உண்மையான நிலை எனக்குத் தெரியவே தெரியாது, உதவித்தொகைக்குப் பெயர் கொடுக்க உன் அம்மா வந்தபோதுதான் லேசாகப் புரிந்தது என்று சொல்கிறார். எப்பேர்ப்பட்ட பள்ளத்திலிருந்து ஒரு பையனைத் தூக்கிவிட்டோம் என்பது தூக்கியவருக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை! மாணவன் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

இன்னொன்று. வயதானவர் அவர், நாமல்ல. ஆகவே தள்ளிப்போட்டால் அவரைத்தான் இழப்போம் என்று கணக்குப் போடுகிறோம். காம்யு 1960 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தார், 46 வயதில். ஆசிரியர் அப்போது உயிரோடு இருந்தார்.

ஆசிரியர் காலமாகிவிட்டவர்களும் இதைப் படிப்பார்கள். உ.வே.சாமிநாதையர் 1940-இல் ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது 85 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் சிறுவயதில் அரியலூரில் தமிழின் ருசியைக் காட்டிய சடகோபையங்காரை மறக்காமல் எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பெயர் நம் வரைக்கும் வந்திருக்காது.

மாத்திரை தீர்ந்ததும் உங்கள் டீச்சர் மறுபடி வருவார். அன்றும் கூட்டம் இருக்கும். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். ஓ.பி. முடிந்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெயர் மட்டும் போதாது. எந்த வருடம், யார் வீட்டுப் பெண், வகுப்பில் எங்கே உட்கார்ந்தீர்கள், எல்லாம் சொல்லுங்கள். 'ழ' கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் உங்களை விட்டுவிட்டு, உங்களோடு படித்த வேறு யாரையாவது விசாரிப்பார். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன் டீச்சர் என்று சொல்லுங்கள்.