செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கேள்வி: பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். 40 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்), கார்புரேட்டர் வைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டாமல் கிடந்ததாம். செல்ஃப் அடித்தால் சில நேரம் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. சில நேரம் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டி) போய்விட்டது என்கிறார். எதில் பணம் போடுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டிலும் போடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. 'டக்' சத்தம் ஸ்டார்ட்டருக்குப் போதுமான மின்சாரம் போகாததன் அடையாளம். சுற்றியும் பிடிக்காதது வேறு விஷயம். ஆனால் முதலாவது இரண்டாவதற்கே காரணமாக இருக்கலாம். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பல சிடிஐ அமைப்புகளில் பொறி பலவீனமாக வரும், அல்லது வரவே வராது. அதனால் பேட்டரியைச் சரிபார்க்காமல் செய்யும் எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

முதலில் செலவே இல்லாத ஒன்று: கில் சுவிட்சில் (அவசரத்துக்கு எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றின் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். அது கழன்றிருந்தால் பெரும்பாலான அவுட்போர்டுகள் நன்றாகச் சுற்றும், பிடிக்காது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சோதனை முடியும்வரை புரொப்பல்லரைக் கழற்றி வைப்பது நல்லது.

அடுத்து மல்டிமீட்டர். முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சார்ஜ் இல்லாமலோ பழுதாகியோ இருக்கிறது. 'டக்' சத்தம் மட்டும் வந்து, வோல்ட் 12-க்கு மேலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது. இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும், மற்றதை ஸ்டார்ட்டரில் கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்துவிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள், இணைப்பு, சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே இதையே செய்யுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய படகில் கேபிள் வெளியே பளபளப்பாக இருக்கும், உறைக்குள் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சேதம் மீட்டரில் தெரிந்துவிடும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் ஆற ஓரிரு நிமிடம் கொடுங்கள்.

எஞ்சின் வேகமாகச் சுற்றத் தொடங்கியதும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்க வேண்டும். பழைய எஞ்சினில் பாகம் வாங்குவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லா பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை பிளாக்கோடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் துளையில் மாட்டிய கம்ப்ரஷன் கேஜின் முள் ஏறாமல் நிற்கும்வரை சுற்றுங்கள். வயர்களை அந்தரத்தில் விட்டுச் சுற்றினால் காயிலும் சிடிஐயும் கெடலாம். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாக மேலே செல்லலாம். ஒன்று மட்டும் மிகக் குறைவு என்றால் ரிங், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். அந்த நிலையில் புது கார்புரேட்டர் வாங்குவது வீண்செலவு.

கழற்றிய பிளக்குகளைக் கவனியுங்கள். சோக் போட்டுப் பலமுறை சுற்றியும் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகம் பொறியின் மேல். பொறியைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் பயன்படுத்துங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை கூடாது. ஒரு சிலிண்டரிலும் பொறி இல்லை என்றால் உடனே சிடிஐ என்று முடிவு கட்டாதீர்கள். கில் சுவிட்ச் வயரை எஞ்சின் பக்கம் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பொறி வந்துவிட்டால் கோளாறு சுவிட்சிலோ சாவியிலோதான். சோதனை முடிந்ததும் அந்த வயரைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்; இல்லையென்றால் அவசரத்துக்கு எஞ்சினை நிறுத்த முடியாது.

பொறி நன்றாக இருந்தால் எரிபொருள். ஒரு வருடம் கிடந்த பெட்ரோலை வைத்துப் போராட வேண்டாம். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பாருங்கள்: தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். சுத்தமான சிறு டேங்க்கில் புது பெட்ரோல் ஊற்றிச் சோதியுங்கள். ஆயில் கலந்து ஊற்றும் எஞ்சின் என்றால், கையேடு 50:1 என்று சொல்லும்பட்சத்தில் லிட்டருக்கு 20 மில்லி. டேங்க் மூடியின் காற்றுத் துளையைத் திறந்துவிட்டு பிரைமர் பல்பை (பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் உருண்டை) அமுக்குங்கள். அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே இல்லை என்றால் குழாயில் காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போயிருக்கிறது. எஞ்சின் பிடித்துச் சற்று நேரத்தில் அணையும்போது பல்பை அமுக்கினால் சமாளித்து ஓடுகிறதா? அப்படியென்றால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தை (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) பாருங்கள்.

கார்புரேட்டர் பற்றிய யோசனை பாதி சரி. இவ்வளவு காலம் கிடந்ததில் ஜெட் துளைகள் பிசின் படிந்து அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கழற்றிச் சுத்தம் செய்து, கேஸ்கெட்டும் ஊசி வால்வும் உள்ள கிட் போட்டால் பெரும்பாலும் போதும். உடல் அரித்துப் போயிருந்தால் மட்டும் முழுசாக மாற்றுங்கள்.

ஒரு செலவை மட்டும் இப்போதே செய்யலாம்: எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்). சும்மா கிடந்த ரப்பர் விறைத்து ஒரே வடிவத்தில் நின்றுவிடும். தண்ணீர் இணைப்பு இல்லாமல் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள். பிடித்தவுடன் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.