டை மாற்ற ஒன்றரை மணி நேரமா? புதுப் பிரஸ்ஸுக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: அம்பத்தூரில் 100 டன் பவர் பிரஸ் ஒன்று வைத்து, தகட்டு உதிரிப்பாகங்கள் அடித்துக் கொடுக்கிறேன். ஷிப்டுக்கு இரண்டு முறை டை (தகட்டை வெட்டி வடிவமைக்கும் அச்சு) மாற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் 96 நிமிடம் போகிறது. இன்னொரு பிரஸ் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஷிப்டின் 480 நிமிடத்தில் 192 நிமிடம் டை மாற்றவே செலவாகிறது. ஒரு மாற்றத்தை 96-லிருந்து 24 நிமிடத்துக்கு இறக்கினால் ஷிப்டுக்கு 144 நிமிடம் கையில் நிற்கும்.

இதற்கு வழி சொன்னவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1969-ல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற 4 மணி நேரம் ஆனது. அதை முதலில் 90 நிமிடமாக்கினார், பிறகு 3 நிமிடமாக்கினார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த வேலைக்குப் பிரஸ் நின்றே ஆக வேண்டுமா?

பழைய பாகத்தின் கடைசிப் பீஸ் முதல் புதியதன் முதல் நல்ல பீஸ் வரை மொத்தத்தையும் செல்போனில் படம் பிடியுங்கள். ஸ்பேனர் தேடுவது, டை ரேக்குக்கு நடப்பது, புதுக் காயிலை (தகட்டுச் சுருள்) கொண்டுவருவது, அளவு பார்க்கும் கேஜ் எடுத்துவருவது எல்லாம் தெரியும். இவை அனைத்தும் பழைய டை ஓடும்போதே முடிக்க வேண்டியவை. இதற்குப் பைசா செலவில்லை, ஒரு தள்ளுவண்டியும் பட்டியலும் போதும்.

பணம் போட வேண்டிய இடம் ஷட் ஹைட், அதாவது பிரஸ் முழுக்க இறங்கியிருக்கும்போது மூடிய டையின் உயரம். டைகளின் உயரம் வெவ்வேறாக இருப்பதால்தான் ஒவ்வொரு முறையும் ரேமை (மேலும் கீழும் இயங்கும் பிரஸ்ஸின் தலை) திருகி, அடித்துப் பார்த்து, மறுபடி திருகுகிறீர்கள். மிக உயரமான டை 260 மி.மீ. என்றால், 215 மி.மீ. டைக்கு அடியில் 45 மி.மீ. பிளேட்டை நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிடுங்கள். பிளாங்க் (வெட்டுப்பட்ட துண்டு) விழும் துளையை அந்தப் பிளேட்டிலும் வெட்ட மறக்காதீர்கள்; மறந்தால் துண்டுகள் உள்ளே அடைத்து டை வெடிக்கும். கிளாம்ப் உட்காரும் விளிம்பை எல்லா டைகளிலும் ஒரே கனத்துக்கு மில் பண்ணினால், ஒரே நீளப் போல்ட் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விளிம்பில் யூ வடிவ வெட்டு இருந்தால் நட்டை முழுக்கக் கழற்றவும் வேண்டாம். பதினைந்து புரி சுற்றினாலும் இறுக்குவது கடைசிச் சுற்றுதானே.

போல்ஸ்டரில் (டை உட்காரும் பிரஸ்ஸின் மேசை) இரண்டு ஸ்டாப்பர் பின் வைத்து டை தானாக மையத்தில் உட்காரும்படி செய்யுங்கள்.

பலர் சறுக்குவது டையைச் சாணை பிடித்த பிறகு. 0.3 மி.மீ. அரைத்தால் உயரமும் அவ்வளவு குறையும். அதே கன ஷிம்மை (மெல்லிய தகட்டுத் துண்டு) அடியில் சேர்த்து, டை மேலேயே எழுதிவைக்காவிட்டால் பழைய திருகல் திரும்ப வந்துவிடும். போல்ஸ்டரைத் துடைக்காமல் வைத்தால், ஒரு பிசிறு போதும் டை சாய, பஞ்ச் (தகட்டைக் குத்தும் முனை) உடையும். அவசரத்தில் மோட்டாரை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். ஃபிளைவீல் நின்று, ரேம் இறங்காமல் தாங்கும் சேஃப்டி பிளாக் போட்ட பிறகுதான் ஸ்பேனர்.

மிச்சமாகும் 144 நிமிடம் பணமாவது ஆர்டர் காத்திருந்தால் மட்டுமே. ஆர்டர் இல்லையென்றால் லாட்டை (ஒரே தடவையில் அடிக்கும் பீஸ்களின் எண்ணிக்கை) சிறிதாக்குங்கள். 1913-ல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் கொடுத்த சூத்திரப்படி, சிக்கனமான லாட் அளவு செட்டிங் செலவின் (ஒரு முறை டை மாற்ற ஆகும் செலவு) வர்க்கமூலத்தைப் பொறுத்தது. செட்டிங் செலவு கால்பங்கானால் 4000 பீஸ் லாட் 2000 ஆகும். தேங்கிக் கிடக்கும் சரக்கும், அதில் முடங்கிய தகட்டுப் பணமும் ஏறக்குறையப் பாதியாகும்.